டைனமோ வெளிச்சத்தில் போட்ட நாடகங்களையும் எழுதுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு உங்கள் பத்திரிகையில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து இங்கிலாந்து மேடைகளைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். முதல் தடவை கடையில், ஒரு ரியூப்புக்கு ஒட்டுப் போட்டுக் காயவிட்டிருந்த நேரத்தில். இரண்டாவது தடவை இரவு வீட்டில், மனைவிக்குக் கேட்கும்படி சத்தமாக. 1939 செப்டெம்பரில் போர் தொடங்கியதும் அரசாங்கம் அரங்குகளை மூடச் சொன்னது, கொஞ்ச நாளிலேயே திறக்கவிட்டது, லண்டனில் வின்ட்மில் என்ற அரங்கு குண்டு விழுந்த நாட்களிலும் ஆட்டத்தை நிறுத்தாதது, என்சா என்ற அமைப்பு பாட்டுக்காரரையும் பகிடிக்காரரையும் கூட்டிக்கொண்டு தொழிற்சாலைச் சாப்பாட்டுக் கூடங்களுக்கே போனது, எல்லாம் வாசிக்க நன்றாக இருந்தது. அந்தக் குழுக்களில் சில சரியாக ஆடாதபடியால் என்சாவின் (ENSA) நாலு ஆங்கில எழுத்துகளுக்கு 'ஒவ்வொரு இரவும் ஏதாவது ஒரு கொடுமை' என்று படையினர் விரிவு சொன்னார்களாம். அந்த இடத்தில் மனைவி சிரித்துவிட்டு, "எங்கட சனமும் அப்பிடித்தானே சொன்னது" என்றாள்.

ஆனால் கட்டுரையின் கடைசிப் பந்தியில் ஒரு வரி இருந்தது. நம்முடைய உள்நாட்டுப் போர்க்காலத்தில் வடக்கே வன்னியில் நடந்த நாடகமெல்லாம் பரப்புரைதான், அதில் கலை என்று சொல்ல எதுவும் இல்லை என்ற கருத்தில் எழுதப்பட்டிருந்தது. எழுதியவர் மீது எனக்குக் கோபம் இல்லை. அவர் அப்போது இங்கே இருந்திருக்கமாட்டார். நான் இருந்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு இப்போது 66 வயது. மல்லாவியில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். நான் நடிகனும் இல்லை, எழுதுகிறவனும் இல்லை. 1996 கடைசியிலிருந்து நாலு வருடம் எங்கள் பக்கத்தில் நடந்த நாடகங்களுக்கு வெளிச்சம் பிடித்தவன்.

அந்த நேரம் மல்லாவி எப்படி இருந்தது என்று இளம் பிள்ளைகளுக்குத் தெரியாது. 1995 கடைசியில் யாழ்ப்பாணத்தின் வலிகாமத்துச் சனம் வீடு வாசலை விட்டுக் கிளம்பியது. அதில் ஒரு பகுதி கிளாலிக் கடலைக் கடந்து வன்னிக்கு வந்தது. 1996 செப்டெம்பரில் கிளிநொச்சியும் இராணுவத்தின் கைக்குப் போனதும் அங்கிருந்த சனமும் அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவி, துணுக்காய் என்று வந்து இறங்கியது. பள்ளிக்கூடம், கோயில், மரத்தடி எல்லாம் ஆட்கள். தறப்பாளும் கிடுகும் கிடைத்தவர்கள் கொட்டில் போட்டார்கள். மலேரியா வீட்டுக்கு வீடு. மின்சாரம் என்ற பேச்சே இல்லை. பெற்றோல் தடை, பற்றரி தடை, மண்ணெண்ணெய் கிடைத்தாலும் அளவாகத்தான். தண்ணி இறைக்கும் மிசினைச் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடவைத்த காலம். இரவில் ஜாம் போத்தலுக்குள் திரி போட்டுப் பிள்ளைகள் படித்தார்கள்.

இப்படி இருந்த ஊரில் யார் நாடகம் போட நினைத்தார்கள் என்று கேட்பீர்கள். வலிகாமத்திலிருந்து வந்த ஒரு மாஸ்டர் இருந்தார். யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம் ஐயாவின் நாடகங்களைப் பார்த்து வளர்ந்தவர், அவரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நிறுத்தமாட்டார். முள்ளியவளைப் பக்கத்திலிருந்து கூத்துப் பழக்குகிற ஓர் அண்ணாவியார் வந்திருந்தார். அவருக்குக் கோவலன் கூத்து முழுக்க மனப்பாடம். கிளிநொச்சியில் தையல் கடை வைத்திருந்த ஓர் அக்கா. அப்புறம், 77ஆம் ஆண்டுக் கலவரத்தில் மலையகத்திலிருந்து தகப்பனோடு வந்து குடியேறிய ஒரு தம்பி. காமன் கூத்துக்குத் தப்பு என்ற பறை அடிக்கும் குடும்பம். மற்ற நாளில் அந்தத் தம்பியைத் தங்கள் முற்றத்தில் இருத்தித் தேத்தண்ணி கொடுக்காத ஆட்களும் ஊரில் இருந்தார்கள். இதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் பற்றரியும் மைக்கும் இல்லாத ஊரில் இரண்டு குறிச்சிக்குக் கேட்கிற சத்தம் அவருடைய தப்பில்தான் இருந்தது. நாடகம் இருக்கிறது என்று ஊருக்கு அறிவித்தது அந்தத் தப்புத்தான்.

மாஸ்டருக்கும் அண்ணாவியாருக்கும் முதல் மாதம் ஒத்துவரவில்லை. கூத்தென்றால் காப்புப் பாடித் தொடங்கவேண்டும், வரவு பாடித்தான் ஆள் உள்ளே வரவேண்டும், அதற்குள் பகிடியைக் கலக்கக்கூடாது என்பார் அண்ணாவியார். சனத்துக்கு விடிய விடிய இருக்க ஏலாது, செல்லடிக்கும் ஊரில் ஒரு மணித்தியாலத்துக்குள் எல்லாம் முடியவேண்டும் என்பார் மாஸ்டர். கடைசியில் இப்படி ஒரு வழி பிறந்தது: முதலில் அண்ணாவியாரின் ஒரு வரவுப் பாட்டும் ஆட்டமும், பிறகு ஒரு சின்னப் பகிடி நாடகம், பிறகு சின்னப் பிள்ளைகளின் பாட்டு, பிறகு கொஞ்சம் கனமான ஒரு நாடகம், கடைசியில் வில்லிசை. எல்லாம் ஒரே இரவில், ஒன்றரை மணித்தியாலத்துக்குள். அதற்கு நாங்கள் 'கதம்பம்' என்று சொன்னோம். உங்கள் கட்டுரையில் இங்கிலாந்துக்காரரின் பல்சுவை மேடை பற்றி வாசித்தபோது எனக்கு எங்கள் கதம்பம்தான் கண்ணுக்குள் வந்தது.

மேடை என்றால் இரண்டு உழவு இயந்திரப் பெட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் விட்டு மேலே பலகை அடிப்பது. திரைக்கு இரண்டு சேலை. ஒப்பனைக்குக் கரியும் செங்கட்டித் தூளும் முகப்பவுடரும். தாடிக்குத் தும்பு. இடம் எப்போதும் பெரிய மரத்துக்குக் கீழே, பங்கர் கிட்ட உள்ள இடமாகப் பார்ப்போம்.

வெளிச்சம்தான் பெரிய பிரச்சினை. முதல் இரண்டு தடவை கோயிலில் ஒரு பெற்றோமாக்ஸ் இரவல் வாங்கினோம். மென்ரில் உடைந்தால் வேறு கிடையாது. அதைவிடப் பெரிய சிக்கல், வானத்தில் சத்தம் கேட்டால் அதை உடனே அணைக்க ஏலாது. ஈரச் சாக்கைப் போட்டு மூடவேண்டும். ஒருநாள் அப்படி மூடப்போய் ஒரு பையனுக்குக் கை வெந்துவிட்டது. அப்போதுதான் நான் மாஸ்டரிடம் சொன்னேன், சைக்கிளை வைத்துச் செய்து பார்ப்போம் என்று.

டைனமோவை வைத்து ரேடியோ கேட்பது அப்போது எல்லா வீட்டிலும் நடந்ததுதான். சைக்கிளை ஸ்ராண்டில் விட்டு, பின்சில்லைச் சுழற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்துச் செய்தி கேட்போம். நான் அதையே மேடைக்குக் கொண்டுவந்தேன். ஐந்து சைக்கிள், ஐந்து டைனமோ, ஒவ்வொன்றிலும் முன்லைற் பல்ப் ஒன்று. பிஸ்கற் ரின்னை நெடுக்கு வெட்டி, உள்பக்கத்தைச் சாம்பல் போட்டு மினுக்கி, பல்புக்குப் பின்னால் வைத்தேன். வெளிச்சம் பரவாமல் மேடைக்குள்ளேயே விழுந்தது. மூன்று மேடைக்கு முன்னால், இரண்டு பக்கத்தில். ஒவ்வொரு சைக்கிளிலும் ஒரு பையன் இருந்து மிதிப்பான். களைத்தால் அடுத்தவன் ஏறுவான். நடுவிலுள்ள சைக்கிளை நான் வைத்துக்கொண்டேன். வானத்தில் சத்தம் வந்தால் விசில். மிதிப்பதை நிறுத்தினால் சில நொடியிலேயே இருட்டு. பெற்றோமாக்ஸால் முடியாதது இது.

இன்னொன்றும் நடந்தது. அதை நாங்கள் திட்டம் போட்டுச் செய்யவில்லை. ஒருநாள் சோகமான காட்சி ஒன்றில், மிதிக்கிற பையன்கள் நாடகத்தைப் பார்த்து அழத் தொடங்கிவிட்டார்கள். கால் தளர்ந்தது. வெளிச்சம் மெல்ல மெல்ல மங்கி, நடித்த அக்காவின் முகம் மட்டும் மஞ்சளாகத் தெரிந்தது. சனம் மூச்சுவிடாமல் இருந்தது. முடிந்த பிறகு மாஸ்டர் ஓடிவந்து என் கையைப் பிடித்தார், என்னமாய்ச் செய்தீர்கள் என்று. நான் உண்மையைச் சொன்னேன். அடுத்த நாடகத்திலிருந்து அவருடைய சி.ஆர். கொப்பியில் வசனத்துக்குப் பக்கத்தில் சிவப்புப் பேனையால் 'மெதுவாக மிதி' என்று எழுதத் தொடங்கினார்.

அந்த அக்கா நடித்த ஒரு நாடகத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அதற்குப் பெயர் வைக்கவில்லை, சனம் 'அம்மி நாடகம்' என்று கூப்பிட்டது. இருபது நிமிடம்கூட வராது. ஓர் ஆச்சி, ஓர் அப்பு, ஒரு மகள், ஓர் உழவு இயந்திரக்காரர். இடம்பெயரச் சொல்லிவிட்டார்கள், பெட்டியில் சாமான் ஏற்றுகிறார்கள். ஆச்சி அம்மியைத் தூக்கிக்கொண்டு வருகிறார். "கல்லைக் கொண்டு எங்கையணை போறாய்? போற இடத்தில கல்லில்லையோ?" என்கிறார் அப்பு. ஆச்சி விடமாட்டார். "இது என்ர அம்மா தந்த சீதனம். காணியை விட்டாச்சு, வீட்டை விட்டாச்சு, இதையும் விட்டா நான் ஆற்ற பிள்ளையெண்டு எனக்கே மறந்துபோம்." சண்டை பிடித்து அம்மி ஏறும். சனம் விழுந்து விழுந்து சிரிக்கும், ஏனென்றால் எல்லா வீட்டிலும் நடந்த சண்டை அது. இரண்டாவது இடப்பெயர்வில் அப்புவே முதலில் அம்மியை ஏற்றிவிட்டு, அரிசிப் பானையை மறந்துபோவார். அங்கேயும் சிரிப்பு. மூன்றாவதில் பெட்டி நிறைந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்று, தாய் இல்லை, கீழே நிற்கிறது. உழவு இயந்திரக்காரர் இடமில்லை என்கிறார். ஆச்சி ஒன்றும் பேசாமல் அம்மியைத் தன் கையாலேயே உருட்டிக் கீழே விட்டுவிட்டு, அந்த இடத்தில் பிள்ளையை ஏற்றுவார். ஏற்றிவிட்டுத் தானும் ஏறி, மடியில் குழவியை மட்டும் வைத்துக்கொண்டு இருப்பார். அப்பு பார்ப்பார், ஒன்றும் சொல்லமாட்டார். 'மெதுவாக மிதி' அங்கேதான் வரும். வசனம் இல்லை, பாட்டில்லை. தப்பு மட்டும் தூரத்தில் கேட்டுக்கொண்டிருக்கும்.

ஆச்சியாக நடித்த அக்காவுக்கு அப்போது 23 வயது. முதுகை வளைத்து, வெற்றிலை போடுகிற மாதிரி வாயை வைத்துக்கொண்டு வந்தால் என்னுடைய அம்மாவே வருகிற மாதிரி இருக்கும். பெண்பிள்ளை மேடையேறுவது பற்றி ஊரில் கதைத்தவர்களும் இருந்தார்கள். மூன்றாவது தடவை அம்மி நாடகம் போட்டபோது, அப்படிக் கதைத்த ஓர் அம்மா தன்னுடைய சேலையைக் கொண்டுவந்து வேடத்துக்கென்று கொடுத்தார். இதில் எங்கே பரப்புரை இருக்கிறது என்று எழுதியவர் சொல்லட்டும்.

இன்னொரு நாடகம் நிவாரண வரிசை. சங்கக் கடை வாசலில் ஐந்து பேர் நிற்பார்கள், பகல் முழுக்க. மா வந்தால் பருப்பு இல்லை, பருப்பு வந்தால் பதிவுக் கொப்பி இல்லை. வரிசையில் நின்றபடியே ஒரு கலியாணம் பேசி முடிந்துவிடும். சம்பந்தி இருவரும் இடத்தை விடாமல் கையை மட்டும் எட்டிக் கொடுத்துக்கொள்வார்கள். மலேரியாக் குளிசை கசக்கிறது என்று துப்பிவிட்டு நடுங்குகிற ஒருவரை வைத்து ஒரு நாடகம். அது சுகாதாரப் பகுதியினர் கேட்டுப் போட்டது, அவ்வளவு சிறப்பில்லை.

1997 மே மாதம் இராணுவத்தின் ஜயசிக்குறு நடவடிக்கை தொடங்கிய பிறகு ஏ9 வீதிப் பக்கம் செல்சத்தம் ஓயவே இல்லை. ஒரு தடவை அம்மி நாடகத்தின் நடுவிலேயே விசில் வந்தது. ஐந்து பேரும் மிதிப்பதை நிறுத்தினோம். பிள்ளைகளைப் பங்கருக்குள் இறக்கினார்கள். விமானம் மேலே சுற்றிக்கொண்டே நின்றது, போகவில்லை. அந்த இருட்டில் அக்கா மெல்லத் தன் வசனத்தைச் சொல்லத் தொடங்கினார். அப்புவாக நடித்தவர் பதில் சொன்னார். பங்கருக்குள் இருந்த சனம் கேட்டுக்கொண்டிருந்தது. இருட்டுக்குள் யாரோ சிரித்தார்கள், பிறகு எல்லோரும் சிரித்தார்கள். நான் வெளிச்சம் பிடித்த நாடகங்களில் என் மனதுக்கு மிக நெருக்கமானது நான் வெளிச்சமே பிடிக்காத அந்த இரவுதான்.

பரப்புரை நாடகம் இருக்கவில்லை என்று நான் சொல்லவரவில்லை. இருந்தது. நிறைய இருந்தது. விடுதலைப்புலிகளின் ஆட்சேர்ப்புக்கென்றே சந்திகளில் போட்ட தெரு நாடகங்களை நான் பார்த்திருக்கிறேன். கேட்டபோது இரண்டு தடவை சைக்கிள்களையும் கொண்டுபோயிருக்கிறேன். நன்றாகத்தான் நடித்தார்கள், அதுதான் பயம். முன்வரிசையில் இருந்து பார்த்த பிள்ளைகளில் இரண்டு பேர் அடுத்த கிழமை வீட்டில் இல்லை. அதில் ஒருவன் எனக்குச் சைக்கிள் மிதித்த பையன். அவனுடைய தாய் என் கடை வாசலில் வந்து நின்றார். என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவருக்கு நான் என்ன பதில் சொல்லியிருக்கவேண்டும் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். அதனால் இந்த நாடகங்களைப் பற்றி எழுதும்போது அவற்றையும் மறைக்காமல் எழுதவேண்டும். ஆனால் அவற்றை மட்டும் எழுதிவிட்டு அம்மியையும் நிவாரண வரிசையையும் விட்டுவிட்டால், நாங்கள் அந்தக் காலத்தில் வேறு எதற்கும் சிரிக்கவும் அழவும் இல்லை என்றுதான் பின்னால் வருகிற பிள்ளைகள் நினைப்பார்கள்.

2002இல் போர்நிறுத்தம் வந்து பாதை திறந்த பிறகு கொஞ்சக் காலம் நல்லாக இருந்தது. மிதிவெடி விழிப்புணர்வுக்கென்று வீதி நாடகங்கள் வந்தன. யுனிசெப் போன்றவை உதவி செய்தன. எங்கள் பக்கம் வந்த ஒன்றில் காலை இழந்த ஒருவரே நடித்தார். கடைசியில் அவர் செயற்கைக் காலைக் கழற்றி மேடையில் வைத்தபோது பிள்ளைகள் எழுந்து கிட்ட வந்து பார்த்தார்கள். வேலிக்கரையில் கிடந்ததை எடுக்கப்போன தம்பியைத் தமக்கை கத்தித் தடுத்ததாக அடுத்த மாதம் கடையில் கதைத்தார்கள்.

மாஸ்டரின் கொப்பிகள் ஏழு. 2009 தொடக்கத்தில் தர்மபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று ஓடியபோதும் அவற்றை அவர் விடவில்லை. இரணைப்பாலையில் பொலித்தீனில் சுற்றி ஒரு பனைக்குக் கீழே தாட்டுவிட்டு எனக்கு இடத்தைக் காட்டினார். அதற்குப் பிறகு அவரை நான் காணவில்லை. அக்கா மாத்தளனில் செத்துப்போனார். என் மனைவி எங்கள் அம்மியை விசுவமடுவில் விட்டுவிட்டு, "குழவியையாவது கொண்டுவருவமோ?" என்று என்னைக் கேட்டாள். இருவருக்கும் நாடகம் ஞாபகம் வந்தது. கொண்டுபோகவில்லை.

போர் முடிந்ததும் இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த மெனிக்பாமில் இராமநாதன் முகாமில் இருந்தோம். ஒருநாள் பின்னேரம் தண்ணீர் வரிசைக்குப் பக்கத்தில் பிள்ளைகள் சிரிக்கிற சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். நாலைந்து பிள்ளைகள் எங்கள் நிவாரண வரிசை நாடகத்தை ஆடிக்கொண்டிருந்தார்கள், கையைமட்டும் எட்டிக் கொடுத்துக் கலியாணம் பேசுகிற இடம். அவர்கள் பிறப்பதற்கு முன் போட்ட நாடகம். யார் சொல்லித் தந்தது என்று கேட்டேன். அம்மா என்றது ஒன்று. அப்பப்பா என்றது இன்னொன்று.

புதுக்குடியிருப்புப் பக்கம் ஆட்களைப் போகவிட்ட பிறகு இரணைப்பாலைக்குப் போனேன். அந்தப் பனை இல்லை. நிலமே வேறு மாதிரி இருந்தது. மூன்று நாள் கிண்டிப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை. படம் எடுத்தவர்களும் இல்லை, அந்தக் காலம் பிலிம் றோல் எங்கே கிடைத்தது? ஆகவே இப்போது இருப்பது ஆட்களின் ஞாபகம் மட்டும்தான். அண்ணாவியார் போய் ஆறு வருடம் ஆகிறது. தப்பு அடித்த தம்பிக்குப் பேரப்பிள்ளைகள் வந்துவிட்டார்கள். இங்கிலாந்துக்காரர் தங்கள் நிகழ்ச்சித் தாள்களையும் படங்களையும் அருங்காட்சியகத்தில் வைத்திருப்பதாக உங்கள் கட்டுரை சொல்கிறது. எங்களுக்கு வாயும் காதும்தான்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. எங்கள் பள்ளிக்கூடங்களில் நாடகமும் அரங்கியலும் பாடம் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். கிரேக்க அரங்கு படிக்கிறார்கள், நல்லது, படிக்கட்டும். அவர்களில் ஒவ்வொருவரும் தங்கள் வீட்டில், அயலில் உள்ள மூத்தவர் ஒருவரிடம் போய், இடம்பெயர்ந்திருந்தபோது பார்த்த ஒரு நாடகத்தைச் சொல்லக் கேட்டு எழுதிவரட்டும். கதை முழுதாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு வசனம், ஒரு பாட்டின் முதல் அடி போதும். ஆசிரியர்கள் இதை ஒரு செயற்பாடாகக் கொடுக்கலாம். நீங்கள் ஞாயிறு இதழில் கிழமைக்கு அரைப்பக்கம் ஒதுக்கினால் வந்ததைப் போடலாம். புதுக்குடியிருப்பு, ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, மடுப் பக்கம் எல்லாம் எங்களைப் போல ஆட்கள் இருந்திருப்பார்கள். வெளிநாட்டில் இருப்பவர்களும் எழுதுவார்கள். ஒரே நாடகத்தை இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் போடுங்கள்.

என்னுடைய பங்குக்கு 11 நாடகங்கள் எனக்கு ஞாபகம் இருக்கின்றன. அம்மி நாடகம் வசனத்தோடு, எந்த வசனத்துக்கு மெதுவாக மிதிப்பது என்பதோடு வரும். மற்றவை அரைகுறைதான், ஆனால் தப்பு அடித்த தம்பியைக் கூட்டிவைத்துக் கேட்டால் இன்னும் வரும். பதிவுசெய்கிற கருவியோடு யாராவது பிள்ளைகள் வந்தால் சொல்லத் தயாராக இருக்கிறேன். பகலில் வேலை. பின்னேரம் 5 மணிக்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமையிலும் கடையில் இருப்பேன். அந்த ஐந்து டைனமோக்களில் ஒன்று இப்போதும் என்னிடம் இருக்கிறது, அதையும் காட்டுவேன்.

இப்படிக்கு,
மல்லாவியிலிருந்து ஒரு வாசகர்
(பெயரும் விலாசமும் தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன்)